பச்சோந்தி வளர்க்கலாமா? கேட்ட மூன்று பேருக்கும் ஒரே பதில்



பதிவு கொஞ்சம் நீளம்தான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலை போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறோம்.

சில மாதங்களாக ஒரே கேள்வி எங்களிடம் மூன்று பக்கத்தால் வந்துகொண்டிருக்கிறது.

முதலாவது, எங்கள் தரம் 8 பிள்ளைகள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டுச் சுவர் நீளத்துக்குக் கூண்டுகளை அடுக்கி, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, மூன்று கொம்போடு ஒன்று என்று பச்சோந்தி வளர்க்கும் வீடியோ அவர்களிடையே சுற்றுகிறது. "எங்களுக்கும் வளர்க்க ஏலுமா ஸேர்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, பெற்றோர். ஒரு வாப்பா கேட்டார்: "மகன் எந்நேரமும் ஃபோனோடதான். எங்கட தோட்டத்து வேலியில ஒரு பச்சோந்தி நிக்குது. பிடிச்சுக் கூட்டில போட்டுக் குடுத்தா அதோட கொஞ்சம் பொழுது போகும். பிழையா?"

மூன்றாவது கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கேட்டவர் எங்கள் பழைய மாணவர். சாரதி வீசாவில் வளைகுடாவுக்குப் போனவர். போன வீட்டில் கபீலின் மகனுக்குப் பச்சோந்தி சேர்க்கும் ஆசை. ஆசை மகனுக்கு, வேலை இவருக்கு. ஐந்து வருடமாகக் காரை விடக் கூண்டுகளோடுதான் இவருடைய நேரம் போகிறது. அடுத்த வருடம் ஊருக்கே வந்துவிட நினைக்கிறார். "ஸேர், எனக்கு இப்ப இந்த வேலை நல்லாத் தெரியும். ஊருக்கு வந்து இதையே தொழிலாச் செய்யலாமா?" என்று வொய்ஸ் அனுப்பியிருந்தார். இரண்டு பிள்ளைகள், பாதியில் நிற்கும் வீடு, அடைபடாத கடன். இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல முடியாது.

ஆகவே விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்களும் சுற்றாடல் கழகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு தவணை முழுக்க இதைப் பற்றித் தேடினோம், வாசித்தோம். பிள்ளைகளின் கேள்விகளை வியாழக்கிழமை அவருக்கு அனுப்புவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் பதில் அனுப்புவார். பெயர் போடாமல் எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்.

முதலில், எது பச்சோந்தி?

நமது ஊரில் பச்சோந்தி என்ற சொல் தேர்தல் காலத்தில்தான் அதிகம் புழங்கும். மரத்தில் இருப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. வேலியில் தலையாட்டிக்கொண்டு, கழுத்துச் சிவந்து நிற்கும் ஓணானையும் பலர் பச்சோந்தி என்கிறார்கள். அது வேறு பிராணி.

உண்மையான பச்சோந்தியின் கால்விரல்கள் இரண்டு கூறாக ஒட்டி, குறடு மாதிரிக் கொப்பைப் பற்றும். வால் சுருளும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று முன்னால் பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். நாக்கு உடம்பை விட நீளம். நடக்கும்போது காற்றில் ஆடும் இலை போல முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்து அசைந்து நடக்கும். ஓணான் ஓடிவிடும், பச்சோந்தியால் ஓட முடியாது. பிடிப்பவனுக்கு அது வசதி, அதற்கு அது ஆபத்து.

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில். மிகுதியில் பெரும்பாலானவை ஆபிரிக்கக் கண்டத்தில். இலங்கைக்கு இயற்கையாக உரியது ஒரே ஒரு இனம். இந்தியாவிலும் உள்ள அதே இனம்தான். அதுவும் நாடு முழுக்க இல்லை; நம்மைப் போன்ற உலர் வலயத்து ஆட்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. வாலோடு சேர்த்து ஓரடி நீளம் அளவில் வரும். விஷம் இல்லை.

ஒரு அறைக்குள் நாலு நாடு

எங்கள் மாணவர் பராமரிக்கும் அறையில் நாலு இனம், ஒன்பது கூண்டு. "அறைக்குள்ள நாலு நாடு இருக்கு ஸேர். நாலுக்கும் மழையும் நான்தான், வெயிலும் நான்தான். அஸ்தஃபிருல்லாஹ், பேச்சுக்குச் சொல்றன்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் விளங்கியது.

முதலாவது யெமன் பச்சோந்தி. யெமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பக்கத்திலும் உள்ளது. தலையில் உயரமான தொப்பி போட்ட மாதிரி இருக்கும். பூச்சியோடு இலையும் தின்னும். ஆண் இரண்டடி வரை வளரும். வெயில் காயும் கொப்பில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும்.

இரண்டாவது மடகாஸ்கர் கரையோரத்துச் சிறுத்தைப் பச்சோந்தி. வீடியோக்களில் பிள்ளைகள் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இதைத்தான். ஒரே இனம்தான், ஆனால் ஊருக்கு ஊர் ஆணின் நிறம் மாறும். நோசி பே என்ற தீவில் இருப்பது நீலப் பச்சை. வேறு ஊர்களில் சிவப்பு, செம்மஞ்சள், பட்டை பட்டையாக. சேகரிப்பவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விலை பேசுவார்களாம்.

மூன்றாவது ஜாக்சன் பச்சோந்தி. கென்யா, தன்சானியா மலைகளில் வாழ்வது. ஆணுக்கு மூக்கின் மேல் மூன்று கொம்பு. முட்டையிடாது, குட்டி போடும். யெமன் பச்சோந்தி கேட்கும் சூட்டில் இதை வைத்தால் வாடிப்போகும். இரவில் நன்றாகக் குளிர வேண்டும்.

நாலாவது செனகல் பச்சோந்தி. மேற்கு ஆபிரிக்காவில் காட்டிலிருந்து பிடித்து அனுப்பப்படுவது. விலை குறைவு. காட்டிலிருந்து வருவதால் வயிற்றில் புழுவோடும், பயணக் களைப்போடும் வந்து சேரும். "வந்த மூண்டில ஒண்டுதான் மிச்சம்" என்றார்.

அவருடைய ஒரு நாளைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுருக்கமாகத் தருகிறோம்.

காலையில் எழும்பியதும் கூண்டுகளுக்கு நீர் தெளிப்பு. பச்சோந்தி பாத்திரத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே காலையும் மாலையும் தூறல் போலத் தெளிக்க வேண்டும், இடையில் சொட்டுச் சொட்டாக விழவும் விட வேண்டும். நனைந்த கூண்டு காயவும் வேண்டும். காயாவிட்டால் நெஞ்சில் சளி, தோலில் பூஞ்சணம். அதனால் கண்ணாடிப் பெட்டியை விட நாலு பக்கமும் காற்றோடும் வலைக்கூண்டுதான் நல்லது.

பிறகு மின்குமிழ். சாதாரண வெளிச்சம் போதாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விசேட மின்குமிழ் வேண்டும். அந்தக் கதிர் பட்டால்தான் உடம்பில் விற்றமின் டீ உண்டாகும். அது இருந்தால்தான் கல்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெழுகு மாதிரி வளைந்துவிடும். மின்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சில மாதங்களில் கதிரின் வலு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. திகதி எழுதி வைத்து மாற்ற வேண்டும்.

பிறகு சாப்பாடு. சில்வண்டு, வெட்டுக்கிளி, கரப்பான். அதுவும் உயிரோடு. அந்தப் பூச்சிகளுக்கு முதலில் கீரையும் கரட்டும் கொடுத்து வளர்க்க வேண்டும். பட்டினிப் பூச்சியைத் தின்றால் பச்சோந்திக்கும் ஒன்றும் கிடைக்காது. கொடுக்கும் முன் கல்சியத் தூள் தூவ வேண்டும். "என்ட பாதி நாள், அதுகளின்ட சாப்பாட்டுக்குச் சாப்பாடு போடுறதிலதான் போகுது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

இன்னொன்று. ஒன்பது பச்சோந்திக்கு ஒன்பது கூண்டு. ஒன்றை ஒன்று பார்க்கவும் கூடாது, இடையில் மறைப்பு வேண்டும். பச்சோந்தி தனிமையை விரும்பும் பிராணி. எதிரில் இன்னொன்றைக் கண்டால் நாள் முழுக்கக் கோபத்திலும் பயத்திலும் இருந்து, சாப்பாட்டை விட்டுவிடும். வீடியோவில் நாலைந்தை ஒரே கொப்பில் ஏற்றி அழகாகக் காட்டுகிறார்களே, அந்த நிமிடம் அவற்றுக்கு எப்படிப்பட்ட நிமிடம் என்று இனிப் பார்க்கும்போது யோசியுங்கள்.

நிறம் ஒரு பேச்சு

இருக்கும் இடத்துக்கேற்ப நிறம் மாற்றி ஒளிந்துகொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகும் என்று இன்றும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்படி ஆகாது. ஒளிந்திருக்க அதன் வழமையான பச்சையும் மண்ணிறமுமே போதும். நிறம் மாறுவது பெரும்பாலும் சூட்டுக்கும், பயத்துக்கும், கோபத்துக்கும், துணை தேடுவதற்கும்.

2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதன் நுட்பத்தை வெளியிட்டார்கள். தோலுக்குள் மிகச் சிறிய பளிங்குகள் அடுக்காக இருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது அந்த அடுக்கு நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. உணர்ச்சி வசப்பட்டால் பளிங்குகள் விலகி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகின்றன. சுப்ஹானல்லாஹ். சாயம் பூசாமலே ஒளியைக் கொண்டு வரையும் ஒரு தோல்.

ஆகவே பச்சோந்தியின் நிறம் அதன் பேச்சு. வாயில் சத்தமில்லாத பிராணி. நாய் முனகும், பூனை கத்தும். பச்சோந்தி நோயை முடிந்தவரை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும். மறைக்க முடியாமல் போகும்போது கருக்கும், கண் உள்ளே போகும், பகலில் கண்ணை மூடும். வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது விளங்கும்.

அந்த வீட்டில் நடந்ததை எங்கள் மாணவர் சொன்னார். யெமன் பச்சோந்திப் பெண் ஒன்று. இந்த இனத்துப் பெண் ஆணோடு சேராவிட்டாலும் முட்டை கொள்ளும். இடுவதற்கு ஈரமான ஆழமான மண் வேண்டும். அந்தக் கூண்டில் மண் இல்லை. பெண் கருமையாகி, நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்து, அங்குமிங்கும் நடந்து, கூண்டின் அடியை நகத்தால் பிறாண்டத் தொடங்கியது. இவருக்கு விளங்கிவிட்டது. கபீலின் மகன் அப்போது வெளிநாட்டில். செய்தி அனுப்பினார். "வந்து பார்க்கிறேன்" என்று பதில். அனுமதியில்லாமல் கூண்டைப் பிரிக்கவோ மிருக வைத்தியரிடம் கொண்டு போகவோ இவருக்கு வழியில்லை. இரண்டு கிழமை. ஒரு காலையில் அது அடியில் கிடந்தது.

மகன் ஃபோனில் கேட்டாராம், திடீரென்று எப்படிச் செத்தது என்று.

"திடீரெண்டு சாகல்ல ஸேர். ரெண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டுதான் இருந்திச்சு. வாசிக்கத் தெரிஞ்ச எனக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் உள்ளவருக்கு வாசிக்க நேரம் இல்ல. எனக்கும் அதுக்கும் ஒரே வீசா மாதிரித்தான்."

இந்த வொய்ஸை வகுப்பில் போட்டோம். முடிந்த பிறகு பிள்ளைகள் யாரும் பேசவில்லை. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு அந்த மகன், தன்னைக் கேட்காமலே வைத்தியரிடம் கொண்டு போக இவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார். பெண் பச்சோந்திகளின் கூண்டுகளில் இப்போது ஈரமணல் வாளி இருக்கிறது.

கூட்டில் வைப்பவனின் பொறுப்பு

பிராணி வளர்ப்பதே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னக் குருவி வைத்திருந்தார். அது இறந்து அவர் கவலையோடு இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள் என்பது நாமெல்லோரும் கேட்ட ஹதீஸ். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடைத்ததும் நாம் கேட்டதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வளர்ப்பவனிடம் என்ன கேட்கப்படும் என்பது விளங்கும். கூட்டில் வைத்த நாளிலிருந்து அதன் பசியும் தாகமும் நமது கணக்கில். பச்சோந்தி என்றால் அதன் வெயிலும், குளிரும், மண்ணும் கூட நமது கணக்கில். ஒரு இனம் வைத்தால் ஒரு கணக்கு. நாலு இனம் வைத்தால் நாலு காலநிலையின் கணக்கு.

சில இனங்களைக் கூட்டில் வைப்பதில் அர்த்தமே இல்லை. மடகாஸ்கரில் லபோர்ட் பச்சோந்தி என்று ஒன்று உண்டு. முட்டைக்குள் எட்டொன்பது மாதம் இருக்கும். மழையோடு வெளியே வந்து, வளர்ந்து, துணை தேடி, முட்டையிட்டு, நாலைந்து மாதத்துக்குள் வாழ்க்கை முடிந்துவிடும்.

இந்த ஆசையின் பின்னால் பெரிய வியாபாரமும் இருக்கிறது. காட்டிலிருந்து அள்ளியது கூடிப்போய், 1995இல் மடகாஸ்கரின் பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் ஏற்றுமதியை நிறுத்தவேண்டி வந்தது. நமது நாட்டிலும் இதே கதை. பச்சோந்தி அல்லாவிட்டாலும், மத்திய மலைநாட்டில் மட்டுமே வாழும் கொம்பு ஓணான்கள் கடத்தப்பட்டு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போயிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத நமது ஓணான்கள் பலவற்றுக்கு 2019இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேச மாநாட்டில்தான் வணிகக் கட்டுப்பாடு கிடைத்தது. அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. அந்த ஏப்ரலுக்குப் பிறகு இடம் மாறியது.

இனி மூன்று பேருக்கும் பதில்

தோட்டத்துப் பச்சோந்தியைப் பற்றிக் கேட்ட வாப்பாவுக்கு: பிடிக்க வேண்டாம். விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நமது பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், மேலே எழுதிய அத்தனையையும் ஒரு கோழிக்கூட்டில் நீங்கள் கொடுக்க முடியாது. அது உங்கள் வேலியில் நிற்பதே தோட்டத்துக்கு இலாபம், பூச்சி தின்கிறது. மகனை அதன் பக்கத்தில் கூட்டிப் போங்கள். அது நாக்கை வீசி ஒரு வெட்டுக்கிளி பிடிப்பதை ஒருமுறை பார்த்தால், ஃபோனில் அதைவிட நல்ல வீடியோ இல்லை என்று அவரே சொல்வார். மருந்தடிக்கும் நாளில் அந்த வேலிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். 1972இல் ஹவாயில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரருக்குக் கென்யாவிலிருந்து ஜாக்சன் பச்சோந்திகள் வந்தன. பயணத்தில் வாடியிருந்ததால் தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை பெருகி, தீவு தீவாகப் பரவி, அங்கே மட்டுமே உள்ள பூச்சிகளையும் நத்தைகளையும் இன்றும் தின்றுகொண்டிருக்கின்றன. நல்ல மனதோடு செய்த காரியம்தான். நமது தீவுக்கும் இது நடக்கலாம்.

பிள்ளைகளுக்கு: நீங்கள் ஒன்றும் இழக்கவில்லை. பச்சோந்தி இரவில் கொப்பின் நுனியில் தூங்கும். தூங்கும்போது நிறம் வெளிறிவிடும். டோர்ச் அடித்தால் பச்சை இலைக்குள் வெள்ளையாகத் தெரியும். ஆய்வாளர்களும் இப்படித்தான் தேடுகிறார்கள். பெரியவர் ஒருவரோடு போங்கள். தொடாமல், கொப்பை உலுக்காமல், கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடிக்காமல் பாருங்கள். திகதி, மரம், உயரம், நிறம் நாலையும் கொப்பியில் எழுதுங்கள். அதுதான் நமது சேகரிப்பு. இடத்தை மட்டும் முகநூலிலோ டிக்டொக்கிலோ போடாதீர்கள். வாசிப்பவர்களில் யார் வியாபாரி என்று நமக்குத் தெரியாது.

எங்கள் மாணவருக்கு: தம்பி, உங்களிடம் நேராகவே சொல்லிவிட்டோம், இங்கும் எழுதுகிறோம். உள்ளூரில் பிடித்து விற்பது சட்டத்துக்கு எதிரானது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவது அனுமதியில்லாமல் முடியாது, நமது தீவுக்கும் நல்லதல்ல. ஆகவே இது தொழிலாகாது. ஆனால் ஐந்து வருடமாக நீங்கள் கற்றது கூண்டு கழுவுவதை மட்டுமல்ல. வாயில்லாத ஒரு பிராணியைப் பார்த்து அதற்கு என்ன தேவை என்று சொல்லும் கண் உங்களிடம் இருக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. வில்பத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள் சிறுத்தையைத் தேடி அலைந்து, காணாமலே திரும்பும் நாட்கள் எத்தனையோ. அந்த நாளில் ஜீப்பை நிறுத்தி, கொப்பில் நிற்கும் பச்சோந்தியைக் காட்டி, அது ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று விளக்கக்கூடிய சாரதி எத்தனை பேர்?

இதைச் சொன்னதும், "அப்ப திரும்பவும் ட்ரைவர்தானா ஸேர்?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வருமானம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும், முதல் வருடம் கஷ்டமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

எலுவன்குளம் பக்கம் ஜீப் ஓட்டும், ஜீப் வைத்திருக்கும் சகோதரர்கள் இதை வாசித்தால் எங்களுக்கு உட்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள். ஊருக்கு வரும் ஒருவர், மீண்டும் வீசாவுக்கு அலையாமல் இங்கேயே நிற்க அது உதவும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பாதையில் ஒன்று மெதுவாக அசைந்து அசைந்து கடந்துகொண்டிருந்தால் வாகனத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முட்டையிட மண் தேடி இறங்கிய பெண்ணாகவும் இருக்கலாம். அது எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே போகவிடுங்கள். அவசரமென்றால் ஒரு தடியை நீட்டுங்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தப் பக்கத்து மரத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.